கொறடா உத்தரவு போட்ட பிறகு அவையில் யார் யாரை இணங்க வைப்பது?

தாமிரபரணியான்:

நாடாளுமன்றத்தில் எதிலும் உடன்பாடு வருவதில்லை, இரு தரப்பும் முகம் கொடுத்துப் பேசுவதுகூட இல்லை என்று எல்லோரும் வருத்தப்படுகிறோம். தலைவர்களின் குணம், தொலைக்காட்சிக் கூச்சல், வாட்ஸாப் என்று காரணம் சொல்கிறோம். நாமே சட்டம் போட்டு உண்டாக்கிய காரணம் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் தொடுவதில்லை. 1985இல் வந்த 52ஆவது அரசியலமைப்புத் திருத்தம், அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டத்தைத்தான் சொல்கிறேன்.

அதன்படி ஒருவர் தானாகக் கட்சியை விட்டு விலகினால் பதவி போகும். அது நியாயம். ஆனால் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவு போடும் கொறடாவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோகூடப் பதவி போகலாம். அரசு நிலைக்குமா என்ற வாக்கெடுப்புக்கு மட்டும் இந்த விதி என்றால் சரி. துறைமுக மசோதா, விதை மசோதா, தத்தெடுப்பு மசோதா எதுவானாலும் கொறடா உத்தரவு போட்டால் அதேதான். அதனால் ஒரு மசோதா அவைக்கு வருவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடுகிறது. எதிர்வரிசையில் ஒருவர் எவ்வளவு நல்ல வாதம் வைத்தாலும் ஆளும் வரிசையில் ஒருவர்கூட அசைய முடியாது. அசையவே முடியாதவரிடம் யார் பேசுவார்கள்? கேமராவிடம் பேசுகிறார்கள்.

2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. டிவிஷன் வேண்டும், அதாவது வாக்குகளை எண்ண வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்டும் எண்ணவில்லை. மறுநாள் எட்டு பேர் இடைநீக்கம். அப்புறம் ஓராண்டு விவசாயிகள் டெல்லி எல்லையில் கிடந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களை ரத்து செய்யும் மசோதா விவாதமே இல்லாமல் ஒரே நாளில் இரு அவைகளிலும் நிறைவேறியது. கொண்டுவந்தபோது எண்ண விடவில்லை, திரும்பப் பெற்றபோது பேச விடவில்லை. அவை எதற்காக இருக்கிறது?

சட்டக்கல்:

அண்ணே, அந்தச் சட்டம் வந்த கதையை விட்டுவிட்டீர்கள். 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். அந்த ஒருவரோடு போகவில்லை. அந்த ஆண்டுகளில் வட மாநிலங்களில் அரசுகள் வரிசையாகக் கவிழ்ந்தன, தாவியவர்களுக்கு அமைச்சர் பதவி பரிசாகக் கிடைத்தது. வாக்களித்த மக்கள் வாயடைத்து நின்றார்கள்.

நீங்கள் "இணங்க வைப்பது" என்று சொல்வதைக் கேட்க நன்றாக இருக்கிறது. நம் ஊரில் அது எப்படி நடந்தது என்று பாருங்கள். 1993 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா உறுப்பினர்கள் பணம் வாங்கி அரசைக் காப்பாற்றினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அவையில் போட்ட வாக்குக்காக வழக்குத் தொடர முடியாது என்று 1998இல் அவர்களுக்குப் பாதுகாப்பே கிடைத்தது. ஏழு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது 2024 மார்ச்சில்தான். கொறடாவை எடுத்துவிட்டால் ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு விலை இருக்கும். சுரங்க மசோதாவுக்குச் சுரங்க முதலாளி, மருந்து மசோதாவுக்கு மருந்துக் கம்பெனி. அதையா கருத்தொற்றுமை என்கிறீர்கள்?

தாமிரபரணியான்:

சட்டக்கல் தம்பி, நீங்கள் சொன்ன 1993 விவகாரம் நடந்தபோது கட்சித் தாவல் தடைச் சட்டம் எட்டு வருடமாக அமலில் இருந்தது. அது தடுக்கவில்லையே. 2003இல் 91ஆவது திருத்தம் வந்து மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து பிரிந்தால் பதவி போகாது என்ற "பிளவு" ஓட்டையை அடைத்தார்கள். அதன் பிறகும் ரிசார்ட்டுகள் நிரம்பி வழிகின்றன. சில்லறையாக விற்றதை மொத்த வியாபாரமாக மாற்றியதுதான் இந்தச் சட்டத்தின் சாதனை. விலை போகிறவன் போகிறான். மனசாட்சிப்படி வாக்களிக்க நினைப்பவன் ஒருவன்தான் மாட்டிக்கொள்கிறான்.

கடலோடி:

அண்ணை, நான் லண்டனில இருக்கிறன். இஞ்ச அப்பிடி ஒரு சட்டமே இல்லை. கொறடா இருக்கினம், ஆனா கொறடாவை மீறினா கட்சிக்குள்ள நடவடிக்கைதான், பதவி போகாது. அதுக்காக உடன்பாடு வந்து கொட்டினதா?

பிரெக்சிற், அதான் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகின நேரத்தைப் பாருங்கோ. 2019 ஜனவரி 15இல பிரதமர் தெரேசா மேயின்ர விலகல் ஒப்பந்தம் 432க்கு 202 எண்டு தோத்தது. அவவின்ர சொந்தக் கட்சியிலயே 118 பேர் எதிர்த்துப் போட்டவை. நீங்கள் கேக்கிற சுதந்திரம் அதுதானே? சரி, அடுத்து என்ன? மார்ச் 27இல எட்டு வழியளை முன்னால வைச்சு, எது வேணும் எண்டு எம்.பி.மாரையே கேட்டவை. எட்டும் தோத்தது. சுங்க ஒன்றியத்தில இருப்பம் எண்ட யோசனை ஆறே ஆறு வாக்கால போச்சு. ஏப்ரல் 1இல திரும்ப வைச்சா மூண்டு வாக்கால போச்சு. மறுவாக்கெடுப்பு வேணும் எண்டவையில கன பேர் அதுக்கு வாக்குப் போடேல்லை. கொஞ்சம் பொறுத்தா நாங்கள் கேக்கிறது முழுசா வரும் எண்டு ஒவ்வொருத்தரும் நினைச்சவை.

எங்கட இலங்கையிலயும் இதைத்தான் கண்டம். 1957இல பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் தமிழ்ப் பகுதியளுக்கு அதிகாரம் குடுக்கிற ஒப்பந்தம் எழுதினவை. எதிர்க்கட்சியா இருந்த யூ.என்.பி.யில இருந்து ஜே.ஆர். ஜெயவர்த்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் வெளிக்கிட்டார். 1958 ஏப்ரலில பிக்குமார் வீட்டு வாசலில குந்த, பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தைக் கிழிச்சார். 1965இல அதே யூ.என்.பி.யின்ர டட்லி சேனநாயக்கா செல்வநாயகத்தோட ஒப்பந்தம் செய்தார். இந்த முறை எதிர்த்தது பண்டாரநாயக்காவின்ர கட்சி. 1968இல மாவட்ட சபை மசோதா கைவிடப்பட்டது. ரெண்டு கட்சியும் ஆட்சியில இருக்கேக்க ஒத்துக்கொண்டதை எதிர்க்கட்சியா இருக்கேக்க துரோகம் எண்டவை. அதுக்குப் பிறகு நாங்கள் குடுத்த விலை உங்களுக்குத் தெரியும். இதில கொறடா எங்க வந்தவர்? ஒத்துப்போறவன் அடுத்த தேர்தலில தோப்பான், எதிர்க்கிறவன் வெல்லுவான். அந்தக் கணக்கு மாறாமல் எந்தச் சட்டத்தை மாத்தியும் பயன் இல்லை.

தாமிரபரணியான்:

கடலோடி, நீங்கள் சொன்னதை லேசில் தள்ள முடியாது. ஒத்துப்போகிறவருக்குத் தேர்தலில் லாபம் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த இழப்பையும் ஏற்றுக்கொண்டு ஒருவர் நிற்க நினைத்தால் அவருக்கு வழி இருக்க வேண்டும் அல்லவா? அமெரிக்க செனட்டில் 2017 ஜூலை 28 விடிகாலை, ஒபாமா காப்பீட்டுச் சட்டத்தின் சில பகுதிகளை ரத்து செய்யும் மசோதா 49க்கு 51 என்று தோற்றது. எதிர்த்து வாக்களித்த மெக்கெய்ன், காலின்ஸ், மர்கௌஸ்கி மூவரும் ஆளுங்கட்சிக்காரர்கள். அவ்வளவு பிளவுபட்ட அவையிலும் மூன்று பேரால் அதைச் செய்ய முடிந்தது. இங்கே அந்த மூவர் மீதும் மறுநாள் தகுதி நீக்க மனு போயிருக்கும். பிளவு எல்லா நாட்டிலும் உண்டு. அதைத் தாண்டும் கதவுக்குப் பூட்டுப் போட்டவர்கள் நாம்.

நெய்தல்நிலா:

நீங்கள் எல்லோரும் கருத்தொற்றுமை என்பது கிடைக்காத புதையல் மாதிரிப் பேசுகிறீர்கள். கருத்தொற்றுமை வரட்டும், வரட்டும் என்றே எங்களை 27 வருடம் உட்கார வைத்தார்களே, அதை யார் பேசுவது?

மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா முதலில் வந்தது 1996 செப்டம்பரில், தேவகவுடா ஆட்சியில். கீதா முகர்ஜி தலைமையில் கூட்டுக் குழு அமைத்து சில மாதங்களில் அறிக்கை வாங்கினார்கள். 1998 ஜூலையில் சட்ட அமைச்சர் தம்பிதுரை கொண்டுவந்தபோது ராஷ்டிரிய ஜனதா தளத்து உறுப்பினர் ஒருவர் தாளைப் பிடுங்கிக் கிழித்தார். காங்கிரஸ், பாஜக, இடதுசாரிகள் மூவரும் ஆதரவு என்றுதான் சொன்னார்கள். மூவரையும் கூட்டினால் அவையில் பெரும்பான்மைக்கு மேல். இருந்தும் ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில் "கருத்தொற்றுமை ஏற்பட்டதும் கொண்டுவருவோம்". 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவையில் 186க்கு 1 என்று நிறைவேறியது. மக்களவைக்கு அதை எடுத்துக்கொண்டு போகவே இல்லை, 2014இல் காலாவதியானது.

2023 செப்டம்பரில் மக்களவையில் 454க்கு 2, மாநிலங்களவையில் 214க்கு 0. இரண்டே நாள் வேலை. இதைவிடப் பெரிய ஒற்றுமை வேண்டுமா? வந்த சட்டத்தில் என்ன எழுதியிருந்தது? அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து, தொகுதி மறுவரையறை முடிந்த பிறகு அமலாகும். 2024 தேர்தலில் 543 பேரில் 74 பெண்கள். 2019இல் 78 பேர் இருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து கைதட்டி நிறைவேற்றிய சட்டத்துக்கு அடுத்த தேர்தலில் எங்கள் எண்ணிக்கை குறைந்தது.

பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள்ஒதுக்கீடு கேட்டவர்களை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2023இல் எதிர்த்து விழுந்த இரண்டு வாக்கும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டன. அதை உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாம். பேசவும் இல்லை, விட்டு மேலே போகவும் இல்லை. கருத்தொற்றுமை என்று யார் சொல்கிறார் என்று பாருங்கள். இருப்பது அப்படியே இருந்தால் யாருக்கு லாபமோ அவர்தான் எப்போதும் சொல்வார்.

தமிழ்நாட்டில் 1989இல் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு என்று சட்டம் வந்தது. ஊர் ஊராகப் போய் அப்பாக்களிடமும் அண்ணன்களிடமும் ஒப்புதல் கேட்டிருந்தால் இன்றைக்கும் வந்திருக்காது. டெல்லிக்கு அது போய்ச் சேர 2005 ஆனது.

தாமிரபரணியான்:

நிலா அம்மா, சொத்துரிமையில் நீங்கள் சொல்வதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே சொத்துரிமையின் முந்தைய அத்தியாயத்தைப் பாருங்கள். இந்துக்களின் திருமணம், வாரிசுரிமைச் சட்டங்களைத் திருத்தும் இந்து சட்டத் தொகுப்பு முடங்கியதால் அம்பேத்கர் 1951இல் அமைச்சர் பதவியை விட்டார். அதை எதிர்த்தவர்களில் பலர் நேருவின் சொந்தக் கட்சிக்காரர்கள், ராஜேந்திர பிரசாத் உட்பட. நேரு 1952 தேர்தலில் ஜெயித்து வந்து, நான்கு சட்டங்களாகப் பிரித்து, 1955லும் 1956லும் நிறைவேற்றினார். அன்று இந்தக் கட்சித் தாவல் சட்டம் கிடையாது. தன் கட்சிக்காரர்களையே பேசி இணங்க வைக்க வேண்டியிருந்தது. காலம் பிடித்தது, சிலதை விட்டுக்கொடுத்தார்கள். அந்தச் சட்டங்கள் நின்றுவிட்டன.

நெய்தல்நிலா:

விட்டுக்கொடுத்தது யாருடையதை என்றும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. 1956 சட்டத்தில் மகளைக் கூட்டுக் குடும்பச் சொத்தின் பங்காளியாகச் சேர்க்கவில்லை. அந்தச் சமரசத்தின் மிச்சத்தைத்தான் 1989லும் 2005லும் தீர்க்க வேண்டியிருந்தது. ஒரு தலைமுறைப் பெண்கள் அதற்குள் வாழ்ந்து முடித்துவிட்டார்கள். பேச்சு மேசையில் இல்லாதவர்களின் பங்கைத்தான் எப்போதும் விட்டுக்கொடுக்கிறார்கள்.

ஊர்க்குருவி:

நான் படிச்சவன் இல்லீங்க, விவசாயி. எங்க பக்கம் ரோட்டுக்கு நிலம் எடுத்தப்ப இந்தச் சட்டமெல்லாம் தெரிஞ்சுக்க வேண்டியதாப் போச்சு. அதனால சொல்றேன்.

2013 நிலம் கையகப்படுத்துற சட்டம் நல்லாப் பேசி வந்த சட்டமுங்க. ஆட்சி காங்கிரசுது. மசோதாவைப் பார்த்த, எல்லாக் கட்சி எம்.பி.ங்களும் இருக்கற நிலைக்குழுவுக்குத் தலைவர் பாஜகவோட சுமித்ரா மகாஜன். அந்தக் குழு சொன்னதுல பலதை அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் எடுத்துக்கிட்டார். மக்களவையில 216க்கு 19ன்னு நிறைவேறுச்சு. தனியார் திட்டம்னா நிலத்துக்காரங்கள்ல 80 சதவீதம் பேரு சம்மதிக்கோணும், அரசும் தனியாரும் சேர்ந்ததுன்னா 70. இதுல கொறடா ஒண்ணும் குறுக்க நிக்கல பாருங்க.

ஆனா அப்புறம் என்னாச்சு? அன்னைக்கு ஆதரிச்ச அதே பாஜக ஆட்சிக்கு வந்து ஏழு மாசத்துல, 2014 டிசம்பர்ல, சம்மதத்தைத் தளர்த்தி அவசரச் சட்டம் போட்டுச்சு. மூணு தடவை திரும்பத் திரும்பப் போட்டாங்க. மாநிலங்களவையில ஆள் பத்தல, நாடு முழுக்க விவசாயிங்க எந்திரிச்சாங்க, 2015 ஆகஸ்ட்ல தானா விட்டுட்டாங்க. நம்ம தமிழ்நாடு அரசு என்ன பண்ணுச்சு தெரியுங்களா? தொழிற்சாலைக்கு, நெடுஞ்சாலைக்கு, ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்கிற மூணு மாநிலச் சட்டத்துக்கும், அந்த 2013 சட்டத்துல 105ஏன்னு ஒரு பிரிவு சேர்த்து விலக்கு வாங்கிருச்சு. 2019ல சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதுன்னுச்சு. உடனே சட்டமன்றத்துல புதுச் சட்டம் போட்டுப் பழைய தேதியில இருந்து உயிர் குடுத்தாங்க. 2021ல உச்ச நீதிமன்றம் அது செல்லும்னுருச்சு.

டெல்லியில எல்லாரும் கூடி ஒத்துக்கிட்ட சம்மதம் எங்க வரப்புக்கு வந்து சேரவே இல்லீங்க. மேல கட்சிக்காரங்க ஒத்துப்போறது ஒரு பக்கம். அந்த ஒப்பந்தத்தைக் காப்பாத்தறது யாருங்கறதை நீங்க யாருமே பேசல.

கடலோடி:

ஊர்க்குருவி அண்ணை சொன்னது எனக்கு மிச்சம் முக்கியமாப் படுது. அவசரச் சட்டம் நிலைக்காமல் போனது, திருப்பி எதிர்க்க ஆக்கள் இருந்தபடியால. பண்டா-செல்வா ஒப்பந்தத்துக்குத் தெற்கில அப்பிடி நிக்க ஆக்கள் காணாமல் போச்சு.

சட்டக்கல்:

நான் சட்டத்தை அப்படியே காப்பாற்ற வரவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் மனக்குறை கொறடாவைவிட, தகுதி நீக்கத்தில் தீர்ப்புச் சொல்லும் பேரவைத் தலைவர் மீதுதான்.

2017 பிப்ரவரி 18 அன்று நம் சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. எதிர்த்து வாக்களித்த ஆளுங்கட்சி உறுப்பினர்கள் 11 பேர். அந்த 11 பேரும் தகுதி நீக்கம் ஆகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனு கொடுத்த 18 பேர் தகுதி நீக்கம் ஆனார்கள். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்து, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் அதை உறுதி செய்தார். இடைத்தேர்தல் 2019இல். ஒன்றரை வருடத்துக்கு மேல் 18 தொகுதி மக்களுக்கு உறுப்பினர் இல்லை. ஒரே அவை, ஒரே சட்டம், ஒரே பேரவைத் தலைவர். இந்த அதிகாரத்தைச் சுதந்திரமான தீர்ப்பாயத்திடம் கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் மணிப்பூர் வழக்கில் நாடாளுமன்றத்துக்குச் சொன்னது.

கொறடா விஷயத்திலும் வழி புதிதல்ல. நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றுக்கு மட்டும் தகுதி நீக்கம் போதும் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990இலேயே சொன்னது. 1992இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது உச்ச நீதிமன்றமும், அரசின் ஆயுளும் கட்சியின் அடிப்படைக் கொள்கையும் சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும் கொறடாவின் தண்டனை பொருந்த வேண்டும் என்று சுருக்கித்தான் பொருள் சொன்னது. 2010இல் மணீஷ் திவாரி தனிநபர் மசோதாவும் கொண்டுவந்தார். யாரும் எடுக்கவில்லை. அந்த எல்லைக்கு நான் வருகிறேன் அண்ணே. முழுசாக எடுத்துவிடுங்கள் என்றால் வரமாட்டேன்.

தாமிரபரணியான்:

நான் முழுசாக எடுக்கச் சொல்லவே இல்லை தம்பி, அரசு கவிழும் வாக்கெடுப்பில் கொறடா இருக்கட்டும். ஊர்க்குருவி ஐயா சொன்ன நிலைக்குழுவைத்தான் நான் அடுத்துச் சொல்ல வந்தேன். 1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்தன. கட்சித் தாவல் சட்டம் அவையில் போடும் வாக்குக்குத்தான், குழுவுக்குள் அது வராது. கேமராவும் கிடையாது. அதனால்தான் அங்கே ஒரு பாஜக தலைவரும் ஒரு காங்கிரஸ் அமைச்சரும் ஒரே மசோதாவைத் திருத்த முடிந்தது. கடலோடி சொன்ன தேர்தல் கணக்கு கொஞ்சமாவது தளரும் இடம் அதுதான். 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் 16 சதவீதம். நம் அந்தரங்கத் தகவல் பற்றிய மசோதாவைக் கூட்டுக் குழு இரண்டு வருடம் பார்த்து 81 திருத்தம் சொன்னது. அதை 2022இல் திரும்பப் பெற்று, 2023 ஆகஸ்டில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து, எந்தக் குழுவுக்கும் அனுப்பாமல் ஒரு வாரத்தில் நிறைவேற்றினார்கள். பிளவு தானாக வளரவில்லை. பேசும் அறைகளை ஒவ்வொன்றாக மூடினோம்.

நெய்தல்நிலா:

மூடிய அறையைத் திறந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இரண்டு நிபந்தனை இல்லாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். பாதிக்கப்படுகிறவர்களின் சாட்சியம் திறந்த கூட்டத்தில் நடக்க வேண்டும். உறுப்பினர்கள் பிரிவு பிரிவாகப் பேரம் பேசுவது கதவுக்குள் இருக்கட்டும், அதை ஏற்கிறேன். இன்னொன்று, நாள் குறிக்க வேண்டும். குழுவுக்குப் போன மசோதா இத்தனை மாதத்தில் அவைக்கு வந்து வாக்குக்கு விடப்பட வேண்டும், உடன்பாடு வந்தாலும் வராவிட்டாலும். 1996இல் குழு சில மாதத்தில் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகு 27 வருடம் காத்திருந்தோம். நாள் குறிக்காத பேச்சுவார்த்தைக்கு நான் இனி வரமாட்டேன்.

தாமிரபரணியான்:

சாட்சியத்தைத் திறப்பது சரி. நாள் குறித்தால் ஆளுங்கட்சி அந்த நாள் வரை சும்மா உட்கார்ந்துவிட்டுத் தன் எண்ணிக்கையால் நிறைவேற்றும். அதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.

நெய்தல்நிலா:

குறிக்காவிட்டால் உட்கார்ந்திருப்பது நாங்கள். எனக்கும் இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை ஐயா.

ஊர்க்குருவி:

இந்த ரெண்டு பேரு சண்டை தீர்றப்ப தீரட்டுமுங்க. அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட நான் கேக்கப் போறது ஒண்ணுதான். போன அஞ்சு வருசத்துல நம்ம நிலத்தைத் தொடற மசோதா எதெது வந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் நீங்க எப்படி ஓட்டுப் போட்டீங்க, கொறடா சொல்லாட்டி எப்படிப் போட்டிருப்பீங்க.

சட்டக்கல்:

கேளுங்கள் ஐயா, கூடவே இதையும் கேளுங்கள். குரல் வாக்கெடுப்பில் போன மசோதாவுக்கு யார் எந்தப் பக்கம் என்று பதிவே இருக்காது. டிவிஷன் நடந்தால்தான் பெயரோடு பதிவாகும். அதைக் கேட்கக் கட்சித் தலைமை தேவையில்லை, அவையில் இருக்கும் உறுப்பினர் கேட்கலாம். அவர் எந்த மசோதாவுக்காவது எழுந்து டிவிஷன் கேட்டாரா என்பது நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கும் அவை நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும். தேதி தெரிந்தால் போதும். உங்கள் தொகுதி எதுவென்று சொன்னால் எடுப்பது எப்படி என்று நான் எழுதுகிறேன்.